முதலில் தட்டிய கை

ஜூன் 8, 1999 – செவ்வாய்

வந்து நான்கு நாளாகிறது. இன்னும் பையைப் பிரிக்கவில்லை. அம்மா மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு இன்று தானே பிரித்துவிட்டாள். ஜூடோ உடுப்பை ஊறப்போட்டதும் வாளித் தண்ணீர் பழுப்பாகிவிட்டதாம். "பாட்டியாலாவுல பாயில உருண்டியா, வயல்ல உருண்டியா?" என்றாள். வாய்க்கு வாய் பேசுகிறவள் பேசாமல் இருக்கவும் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ச்சல் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து அம்மாவின் கோலத்தை இரண்டு தடவை மிதித்துவிட்டேன்.

அப்பா வேலை பார்க்கும் பூச்சிமருந்துக் கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஆறு மாதமாக அலமாரியில் கிடந்தது. எழுதிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். ஜூன் மாதத்தில் டைரி தொடங்குகிறவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூன் 9 – புதன்

ஒழுங்காக எழுதிவிட்டால் தலையிலிருந்து இறங்கும் என்று நினைக்கிறேன்.

கரந்தை அரிசி மில்லுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைதான் எங்கள் கிளப். மில் உமியை ஒரு முழ உயரத்துக்குக் கொட்டி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறோம். மின்வாரியத்தில் இருக்கும் இராஜாங்கம் சார் டியூட்டிக்குப் போகுமுன் வந்து பயிற்சி நடத்துவார். பெண்கள் மூன்றே பேர் – நான், கவிப்ரியா, ஆமினா. நானும் கவியும் ஐம்பத்திரண்டு கிலோ. ஆமினா நாற்பத்தைந்து. அவள் வாய் மட்டும் தனியாக எழுபது.

உமியில் கால் புதையும். அதனால் நாங்கள் ஒவ்வொரு அடிக்கும் காலைத் தூக்கித் தூக்கி வைப்போம். அப்படி நடக்கிறோம் என்பதே பஞ்சாபில் பாட்டியாலா பயிற்சி முகாமுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அங்கே நிஜப் பாய். கெட்டியாக, வழவழவென்று இருந்தது. அதில் நானும் கவியும் சேற்றில் நடப்பதுபோல் நடக்க, தூக்கின காலை எவளாவது தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். முதல் வாரம் முழுக்க விழுந்தோம். மணிப்பூர்க்காரி மேமாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். எங்களை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, குனிந்து நாற்று நடுவதுபோல் கையால் செய்து காட்டி, அங்கிருந்தா வருகிறீர்கள் என்று முகத்தாலேயே கேட்டாள். அவளும் நெல் விளையும் ஊர்க்காரி. காலுக்கடியில் செய்தித்தாளை வைத்து, அது விலகாமல் தேய்த்து நடக்கப் பழக்கினாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருபது வார்த்தைகூடக் கிடையாது. நாற்பது நாளும் சண்டை போடாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசி நாளைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 10 – வியாழன்

கடைசி நாள்.

ரயில்வே வேலைக்கான தேர்வு ஜனவரியில் சென்னையில் நடக்கிறது. எங்கள் மாநிலத்திலிருந்து எடைக்கு ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். ஐம்பத்திரண்டு கிலோவில் நானும் கவியும். ஆகவே நானும் அவளும் மோத வேண்டும். ஜெயித்தவள் பெயர் போகும்.

எனக்கு அது ஒரு வேலை. கவிக்கு அதற்கும் மேலே. அவள் அப்பா துரைராசு சாலியமங்கலத்தில் நிலம் வைத்திருக்கிறார். ஜோசியம், சொந்தம் எல்லாம் பார்த்து சிங்கப்பூர் மாப்பிள்ளை ஒருவரைப் பேசி வைத்துவிட்டார். கவி அழுததில், "நீ ஜெயிச்சு வந்தா வேலைக்குப் போ, நான் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன். தோத்தா பேசாம மணையில உக்காரணும்" என்று வாக்குக் கொடுத்தார். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

நான் எடுத்தது செயோ. காலரைப் பிடித்து, திரும்பி, எதிராளியை முதுகில் ஏற்றித் தோள் வழியாக எறிவது. விழுகிறவள் உள்ளங்கையால் பாயை ஓங்கித் தட்டுவாள், முதுகுக்கு அடிபடாமல் இருக்க. அன்றைக்கு நான் காலரைப் பிடித்தேன், திரும்ப ஆரம்பித்தேன். இன்னும் குனியக்கூட இல்லை. என் முதுகில் கனமே தெரியவில்லை. பட் என்று சத்தம். பார்த்தால் கவி பாயில் கிடக்கிறாள். நான் எறிந்து முடிக்கும் முன்பே அவள் கை தட்டிவிட்டது.

நடுவர் கையைத் தூக்கிவிட்டார். எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

அவளாக விழுந்தாளா? எனக்காகவா? அல்லது சிங்கப்பூர் ஆசை உள்ளுக்குள் இருந்ததா? நான் ஜெயித்தேனா இல்லையா? இதுதான். இதுக்குத்தான் ஆறு நாளா வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன்.

ஜூன் 11 – வெள்ளி

ஒன்று விட்டுப்போய்விட்டது. முகாம் முடியும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்து பழகிய ஜோடிகள் கடைசியாகப் பாயில் நின்று வணங்கி, ஆளுக்கு ஒரே ஒருமுறை மற்றவளை எறிந்துவிட்டு விடைபெற வேண்டும். மேமா என்னை எறிந்தாள், நான் மேமாவை எறிந்தேன். எழுந்து நின்று இருவரும் அழுதோம். டெல்லி ஸ்டேஷனில் அந்தச் செய்தித்தாளை மடித்து என் பைக்குள் செருகிவிட்டுப் போனாள். இந்தியில் இருக்கிறது, ஒரு எழுத்தும் தெரியாது, வைத்திருக்கிறேன்.

கவி அதற்குப் பாய்க்கு வரவில்லை. அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ரயிலில் இரண்டு நாளும் மேல் பெர்த்தில் படுத்தே வந்தாள். தஞ்சாவூரில் இறங்கும்போது "வரேன்டி விண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 13 – ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து நேராகக் கரந்தைக்குப் போனேன். ஆமினா மட்டும் உமியைக் கிளறிச் சமன் பண்ணிக்கொண்டிருந்தாள். கவிக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகிவிட்டதாம். மாப்பிள்ளை பெயர் சதீஷ். ரெண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பிவிடுமாம், அதைச் சரிசெய்கிற வேலை.

"ரெண்டாயிரம் பொறந்தப்புறம் மாப்பிள்ளைக்கு என்ன வேலடி?" என்றாள் ஆமினா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளோடு பத்து நிமிஷம் பழகினேன். நாற்பத்தைந்து கிலோவை எறிவது தலையணையை எறிகிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 20 – ஞாயிறு

கேட்டே விடுவது என்று சாலியமங்கலம் போனேன். கேட்கவில்லை.

கவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா ஆனந்தவல்லி புடவைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். துரைராசு மாமா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். "நல்ல வேல செஞ்சம்மா" என்றார் என்னைப் பார்த்து. "அவ ஜெயிச்சிருந்தா நான் சொன்ன வாக்குல மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பேன். உன்னாலதான் இந்த வீட்டுல கொட்டு மேளம்."

காபியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் மனதாரச் சொன்னார், அதுதான் இன்னும் மோசம். பஸ் ஏறும்வரை கவி வெளியே வரவில்லை.

ஜூலை 15 – வியாழன்

புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் நின்று அரை மணி நேரம் பார்த்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, அப்புறம் மறுபடி பாலத்துக்குப் போனேன்.

மேமா கடிதம் போட்டிருக்கிறாள். இங்கிலீஷில் நான்கே வரி. நான்காவது வரி: இன்னும் காலைத் தூக்குகிறாயா?

ஆமாம்.

ஆகஸ்ட் 22 – ஞாயிறு

கவிக்குக் கல்யாணம். அம்மாப்பேட்டை மண்டபம். சதீஷ் பார்க்க நல்ல மாதிரிதான் இருக்கிறார். ஒல்லி. நான் ஒரு பிடி பிடித்தால் மூன்றாவது வரிசையில் போய் விழுவார். வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மொத்தம் பன்னிரண்டு நாள்தான் லீவாம்.

தாலி கட்டி முடிந்ததும் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். விழுந்தாள், எழுந்தாள், விழுந்தாள், எழுந்தாள். "விழறதுல தங்க மெடல்" என்று ஆமினா என் காதில் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே என்னவோபோல் ஆகி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பரிசு கொடுக்கும்போது கவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். போட்டோவுக்கான சிரிப்பு.

செப்டம்பர் 12 – ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

மாப்பிள்ளை சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டார். அங்கே அவரோடு தங்குவதற்கான டிபென்டன்ட் பாஸ் வரும்வரை கவி அம்மா வீட்டில் இருக்க வேண்டும். இன்று காலை கொட்டகைக்குள் நுழைகிறேன், உடுப்பு போட்டுக்கொண்டு தார்ப்பாயில் நிற்கிறாள். மஞ்சள் கயிற்றைப் பின்கழுத்துப் பக்கம் தள்ளி, தாலியைப் பனியனோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாள். தஞ்சாவூரில் இங்கிலீஷ் பேச்சு வகுப்புக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாளாம். சிங்கப்பூர் போகிற பெண் என்று அவள் அம்மாவே பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று துரத்திவிட்டாராம்.

கேட்டேன். "நீ வேணும்னே விழுந்தியா?"

பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தாள். "கேக்கறதுக்கு மூணு மாசம் ஆச்சா உனக்கு?"

"சொல்லுடி."

"வேணும்னு விழ எனக்கென்ன பைத்தியமா? அப்பா வாக்கு குடுத்திருந்தாரு. அந்த வேல உன்னவிட எனக்குத்தான் வேணும்."

"அப்புறம் எப்படி?"

"உன் கை காலர்ல பட்டுச்சு. உடம்பு போயிடுச்சு. நான் போகல விண்ணு, அது போச்சு."

நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கிட்டே வந்தாள். "ஏழு வருசமா தெனம் அம்பது தடவ. நீ எறிய, நான் விழ. நீ எனக்கு எத்தன தடவ விழுந்திருக்க? சொல்லு பாப்பம்."

எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கூடத் தேறவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு முதல் மாநிலப் போட்டி. "இந்த ஒரு வாரம் கவி விழட்டும், விண்ணரசி எறியட்டும்" என்றார் இராஜாங்கம் சார். அவர் சொன்னது ஒரு வாரம். அந்த வாரத்தை முடித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மெடலை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் நான்தானே.

"இப்ப விழறேன்" என்றேன்.

"விழு" என்றாள். கோபமாகத்தான் எறிந்தாள். அவள் இடதுகைக்காரி. இடதுபக்கம் திரும்பி எறிவாள். அந்தப் பக்கம் நான் விழுந்து பழகியதே இல்லை. பிளாஸ்திரி விட்டுப்போய்த் தாலி என் கன்னத்தில் கீறிவிட்டது. அம்மாவிடம் பூனை என்று சொன்னேன். நம் வீட்டில் ஏது பூனை என்றாள்.

செப்டம்பர் 13 – திங்கள்

ஐம்பது.

செப்டம்பர் 14 – செவ்வாய்

ஐம்பது. இடது தோள் வீங்கிவிட்டது. கவிக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் 29 – புதன்

ஐம்பது. உடல் விழப் பழகிவிட்டது. இப்போது வலிப்பதில்லை.

கவி அழகாக எறிகிறாள். இத்தனை வருஷம் இந்தத் திருப்பம் அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது, வெளியே வர வழி இல்லாமல். இராஜாங்கம் சார் சைக்கிளைப் பிடித்தபடி நின்று பார்த்துவிட்டு, "ஜனவரிக்கு நீதான்மா எறிஞ்சு பழகணும்" என்றார் என்னிடம். "பழகுறேன் சார்" என்றேன். அவர் போனதும் மறுபடி விழுந்தேன்.

அவள் சொன்னதை நம்புகிறேனா? இல்லை. மானஸ்தி. விட்டுக்கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டாள். உடம்பு தானாகப் போகுமாம். உடம்பென்ன கோயில் மாடா.

அக்டோபர் 17 – ஞாயிறு

ஆமினா நாளைக்குச் சென்னை போகிறாள். பெரியம்மா மெஹராஜ் பேகம் வீட்டில் தங்கிக் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறாள். பாட்டியாலா வழக்கத்தை அவளுக்குச் சொன்னோம். என்னை ஒரு முறை எறிந்தாள், கவியை ஒரு முறை எறிந்தாள். பிறகு நாங்கள் ஆளுக்கொரு முறை அவளை எறிந்தோம். எழுந்து நின்று, "ஆளப் பாத்து எறிங்கடி, எலும்பு சென்னைக்கு வேணும்" என்றாள். பேசிக்கொண்டே இருந்தாள். மில் கேட்டைத் தாண்டும்போதுதான் பேச்சு நின்றது.

வரும்போது லாரியில் உமி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏதோ தொழிற்சாலையில் கொதிகலனில் எரிக்கிறார்களாம். இதுவரை கேட்காமலே அள்ளிக்கொண்டிருந்தோம், இனிக் கேட்டுத்தான் அள்ள வேண்டும்.

ஊரில் எல்லாமே எங்கேயோ போகிறது. உமி உட்பட. நான்தான் வாசலுக்கும் கொல்லைக்கும்.

நவம்பர் 12 – வெள்ளி

தீபாவளி போய்விட்டது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வரவில்லை, அவர் போட வேண்டிய பட்டுவேட்டி மட்டும் சாமி அறையில் மடித்த மடிப்போடு இருக்கிறதாம். ரெண்டாயிரம் வரைக்கும் அங்கே யாருக்கும் லீவு கிடையாதாம்.

பாஸ் வந்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி கிளம்புகிறாள்.

இந்த வாரம் பேய் மழை. கொட்டகை ஒழுகி உமி ஊறிவிட்டது. பயிற்சி இல்லை. கடைசியாக ஆளுக்கொரு முறை எறிந்து விடைபெற வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். உமி காயுமா? கொட்டகைக்குப் போய் தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். புளித்த வாடை அடிக்கிறது.

நவம்பர் 19 – வெள்ளி

காயவில்லை.

சாலியமங்கலம் போனேன். வாசலில் டாடா சுமோ. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஊறுகாய் ஜாடிக்குப் பாலித்தீன் கட்டுகிறவர்கள், பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்டுகிறவர்கள். கவி பட்டுப்புடவையும் நகையுமாக நடுவில் நின்றாள். ஒரு நிமிஷம் தனியாகப் பேச விடவில்லை. ஆனந்தவல்லி அத்தை என்னிடம், "என்னம்மா, ரெண்டு மாசமா கூடப் போனியே, இங்கிலீஷ் தேறிட்டாளா?" என்று கேட்டார். "நல்லாவே தேறிட்டா அத்த" என்றேன். கவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பும் நேரம். ஏறப் போனவள் இறங்கி வந்தாள். எல்லாரும் பார்க்க, இடதுகையால் என் சுடிதார்க் கழுத்தைப் பிடித்தாள். பயிற்சியில் பிடிக்கிற அதே இடம். என் குதிகால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. நான் கிளப்பவில்லை. வாசலில் அத்தனை பேர், சேறு, சுமோ, எல்லாம் தெரிகிறது, உடம்பு மட்டும் விழத் தயாராகிவிட்டது. அவள் கைக்கும் அது தெரிந்தது. பிடியை விட்டாள்.

"பாத்தியா" என்றாள்.

அவள் மாமியார் வீட்டு ஆள் ஒருவர் "நேரமாச்சும்மா" என்றார். போய்விட்டாள்.

அழுகை வந்தது, அழுதேன். மழையில் பஸ் ஸ்டாப்பில் ஒருவரும் இல்லை, வசதியாக இருந்தது.

டிசம்பர் 5 – ஞாயிறு

எதிரே ஆள் இல்லை. மில் தூணில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி இழுத்துப் பழகுகிறேன். தூண் விழாது, பேசாது, சண்டை போடாது. மேமா கொடுத்த செய்தித்தாளை எடுத்துக் காலடியில் வைத்துப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்துவிட்டது. மறுபடி மடித்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 22, 2000 – சனி

பழைய டைரி முடிந்துவிட்டது. ஆனால் முன்னால் ஜனவரிப் பக்கங்கள் எல்லாம் வெள்ளையாகத்தான் கிடக்கின்றன. 99-ஐ அடித்துவிட்டு எழுதுகிறேன். கம்ப்யூட்டர்கள் ஒன்றும் குழம்பவில்லையாம். என் டைரிதான் குழம்பிவிட்டது.

சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். ஆடுகிறது, எழுத்து கோணல்.

தோற்றேன்.

ஒரே சுற்று, தோற்றால் வெளியே. எதிரே பாலக்காட்டுப் பெண். இரண்டு நிமிஷம் நன்றாகத்தான் போனது. காலைத் தூக்கவில்லை, பாயைத் தேய்த்துத்தான் நடந்தேன், மேமா பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள். அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஜெயித்துவிடுவேன் என்றுகூட நினைத்தேன். அப்போது அவள் பிடியை மாற்றினாள். இடதுகை. காலரில் அதே இடம்.

பட் என்று ஒரு சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று யோசித்தேன். என் கை. அவள் இன்னும் திரும்பி முடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன் – என்ன நடந்தது என்று அவளுக்கே புரியவில்லை. பாட்டியாலாவில் நான் நின்ற மாதிரியே நின்றாள்.

வேண்டுமென்று விழுந்தேனா? சத்தியமாக இல்லை. அந்த வேலை எனக்கு வேண்டும். ராத்திரியும் பகலும் வேண்டிக்கொண்டிருந்தேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தேன். நான் போகல, அது போச்சு.

திண்டிவனம் வரைக்கும் அழுதேன். வேலைக்காக ஒரு பங்கு. மிச்சம் வேறு. கவி சொன்னது முழுக்க உண்மை. அவள் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழு வருஷமாக அவள் உடம்பை விழப் பழக்கியவள் நான். அதை வைத்தே அவளை ஜெயித்தேன். அந்த வாசலில் கொட்டு மேளம் கொட்டியது என்னால்தான் – துரைராசு மாமா சரியாகத்தான் சொன்னார்.

இத்தனை மாதம் அவள் எனக்குப் பிச்சை போட்டுவிட்டாளோ என்று குமைந்துகொண்டிருந்தேனே. என்ன திமிர்டி உனக்கு விண்ணரசி.

பிப்ரவரி 6 – ஞாயிறு

காலை பத்து மணிக்கு அப்பா கடைக்குப் போன் பண்ணுவதாகக் கவி கடிதத்தில் எழுதியிருந்தாள். ஒன்பது மணியிலிருந்து மருந்து மூட்டைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தேன். கதிர் அறுப்பு நேரம், கடையில் கூட்டம் இல்லை. "உக்காரும்மா, மருந்து நெடி தலைக்கு ஏறிடும்" என்றார் அப்பா. உட்காரவில்லை.

பத்து பத்துக்கு வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள். எப்படி இருக்கே, என்ன சாப்பிட்டே ஒன்றும் இல்லை.

"விழுந்துட்டேன். எடது கைக்காரி."

"கை எப்பத் தட்டுச்சு?"

"மொதல்லயே."

இரைச்சல் மட்டும் வந்தது. லைன் போய்விட்டதோ என்று ரிசீவரைத் தட்டினேன்.

"அப்ப நான் சொன்னது பொய் இல்ல" என்றாள்.

"இல்ல. நான்தான்டி பொய். என்னை..." அழுதுவிட்டேன். அப்பா பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

"அழாத. நிமிசம் ஓடுது" என்றாள். "இங்க வீட்டுக்குப் பக்கத்துலயே சமூக மன்றத்துல ஜூடோ சொல்லித்தராங்க. போன வாரம் போனேன். ஒரு சீனப் பொண்ணு. என்னய ஒரு தடவ எறிஞ்சா. எறிஞ்சிட்டு என் முன்னால வந்து சும்மா நிக்கிறா. எனக்குப் புரியல. அப்புறம் கையக் காட்டறா, இப்ப நீன்னு."

"எறிஞ்சியா?"

"எறிஞ்சேன். எந்திரிச்சு தேங்க்ஸ் சொன்னாடி."

சதீஷ் எப்படி என்று கேட்டேன். நல்லவர்தான், நிறையத் தூங்குகிறார் என்றாள். வேலை மார்ச்சோடு முடிகிறதாம், அப்புறம் என்னவோ தெரியாதாம். லைன் அறுந்துவிட்டது. மன்னிச்சுக்கோ என்று சொல்ல நினைத்திருந்தேன். சொல்லவில்லை. கடிதத்தில் எழுதி, தபாலில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 20 – ஞாயிறு

புது உமி. மில் முதலாளியிடம் கேட்டு எட்டு மூட்டை வாங்கி, பழசை வாரிக் கொட்டிவிட்டு நானும் இராஜாங்கம் சாரும் பரப்பினோம். உடம்பெல்லாம் அரிப்பு.

ஆயுதப்படையில் இருக்கிற ரோஸ்லின் அக்கா என்று ஒருவர் ஒரு வாரமாக வருகிறார். ஐம்பத்தேழு கிலோ. டியூட்டி முடிந்து நேராக வருவார், கொட்டாவி விட்டுக்கொண்டே பெல்ட் கட்டுவார். இன்று நான் காலரைப் பிடித்ததும், எறியட்டும் என்று உடம்பை விட்டுக்கொடுத்து நின்றார். "நீ சீனியர்மா, நீ எறி. நான் விழறேன்."

"மொதல்ல நீங்க எறிங்கக்கா" என்றேன்.

வேண்டாம், எனக்கென்ன தெரியும் என்று ரொம்ப நேரம் மறுத்தார். பிறகு எறிந்தார். மோசமாகத்தான் எறிந்தார், முழங்கை என் விலாவில் இடித்தது. எழுந்து போய் அவர் முன்னால் நின்று, இப்போது நான் என்று கையைக் காட்டினேன்.

கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் இரண்டு பத்தி வரைந்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு அவர் பக்கம் இருபது கோடு, என் பக்கம் இருபது கோடு. மத்தியானம் சாப்பிட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டேன் என்று அம்மா சொன்னாள்.